‘நன்றி: இணையம்’ – இது நன்றியாகுமா?

படைத்தவன் பெயரை மறைத்துப் படைப்பை மட்டும் எடுத்தாள்வது களவு. பாட்டுக்கும் உரைக்கும் இதனை ஒப்புக்கொள்ளும் நாம், படத்துக்கு மட்டும் ஏனோ ஒப்புக்கொள்வதில்லை. பள்ளி மாணாக்கர் ஆக்கித் தரும் செயல்திட்டத் தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள். தாளுக்குத் தாள் வண்ணப் படங்கள்! அவற்றின் அடியில் ஒன்றும் இராது. இருப்பின், ‘நன்றி: கூகுள்’ என்றோ ‘நன்றி: இணையம்’ என்றோ இருக்கும். பிள்ளைகளுள் பலர் அப்படங்களைத் தேடியதும் இல்லை. தலைப்பைச் சொல்லிக் காசைக் கொடுத்தால், கணினிக் கடைக்காரரே தேடி அச்சிட்டுத் தந்துவிடுகின்றார். ஆசிரியரும் வண்ணத்தைக் கண்டு மதிப்பெண் வழங்கிவிடுகின்றார்.

கூகுள் என்பது தேடுபொறி. படம் இருக்கும் இடத்தைக் காட்டுவதே அதன் வேலை. அதற்கு நன்றி கூறி அமைவது, நூலகத்து வாயில்காவலர்க்கு வணக்கம் செலுத்திவிட்டு நூலாசிரியனை மறந்துவிடுவது போன்றதாகும்.

பெயர் சுட்டும் ஒழுக்கம் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் ‘என்ப’, ‘மொழிப’ என்று முன்னோரைச் சுட்டியே நூல் செய்தார். புறநானூற்றைத் தொகுத்தோர், பாடினோர் யார், பாடப்பட்டோர் யார், திணை எது, துறை எது என்று பாட்டின் அடியில் குறித்துவைத்தனர். குறுந்தொகையில் பாடியவர் பெயர் மறைந்துபோனவிடத்து, பாட்டில் வரும் தொடரையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்றும் ஓரேருழவனார் என்றும் வழங்கினர். பெயர் தெரியாத புலவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கிய மரபில் வந்த நாம், பெயர் தெரிந்த ஓவியனையும் ஒளிப்படக் கலைஞனையும் இருட்டடிப்புச் செய்யலாமா?

இது நன்றிக் கடன் மட்டுமன்று. உண்மையைக் காக்கும் காவலுமாகும். வள்ளுவரை நேரிற்கண்டு வரைந்தவர் எவருமிலர். இன்று நாம் போற்றும் உருவம், ஓவியர் கே. ஆர். வேணுகோபால சர்மா தம் உள்ளத்தில் கண்டு தீட்டியது. 1964-ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் திறந்துவைக்கப் பெற்றது. இவ்வொரு குறிப்பைப் படத்தின் அடியில் எழுதும் மாணாக்கன், அது வள்ளுவரின் மெய்யுருவன்று, ஓர் ஓவியனின் ஆக்கமே என்பதை அப்போதே அறிந்துகொள்கின்றான். 2019-இல் காவியுடை உடுத்த வள்ளுவர் படம் பரப்பப்பட்டபோது தமிழர் வெகுண்டெழுந்தனரே, ஏன்? முந்தைய ஓவியத்தில் ஆடை வெண்மை என்பதை அறிந்திருந்தமையால் அன்றோ? முதற்படத்தை அறியாதவனுக்குத் திரிபும் தெரியாது.

கீழடியில் 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தி வருகின்றது. எங்கோ கிடைத்த பானையோட்டின் படத்தை ஒட்டிக் ‘கீழடி’ என்று ஒருவன் எழுதிவிட்டால், அப்பிழை ஒன்றைக் காட்டியே நம் உண்மைச் சான்றுகளையும் எள்ளி நகையாடப் பகைவர்க்கு வழி பிறக்கும். இன்றோ செயற்கை நுண்ணறிவு கேட்ட நொடியில் இராசராசனின் ‘முகத்தை’யும் வரைந்து தருகின்றது! அத்தகைய படத்தைப் பயன்படுத்தினால், ‘செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டது’ என்று வெளிப்பட எழுதுதல் வேண்டும்; சான்றாக ஒருகாலும் காட்டலாகாது.

கற்பிப்பது அரிதன்று. தேடுபொறி காட்டும் சிறுபடத்தைப் படியெடுக்காது, அப்படம் உள்ள பக்கத்திற்கே சென்று ஐந்து வினாக்களுக்கு விடை காணச் செய்க: இது என்ன? ஆக்கியவர் யார்? எப்போது ஆக்கப்பட்டது? எத்தளத்தில் உள்ளது? எவ்வுரிமத்தில் வழங்கப்படுகின்றது? விக்கிமீடியா பொதுவகத்தில் படந்தோறும் இவ்விவரங்களுக்கு இடமுண்டு. அங்குள்ள பற்பல படங்கள், ஆக்கியோர் பெயரைச் சுட்டினால் எவரும் எடுத்தாளலாம் என்னும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் உள்ளவை. பெயர் கிடைக்காவிடின் ‘ஆக்கியோர் அறியப்படவில்லை’ என்று எழுதுக, அதுவும் நேர்மையே. ஆறாம் வகுப்பினர்க்குப் பெயரும் தளமும் போதும். ஒன்பதாம் வகுப்பினர் ஆண்டையும் உரிமத்தையும் சேர்த்தெழுதட்டும்.

“கல்விக்காக எடுப்பதைச் சட்டமே பொறுக்கின்றதே” என்பர் சிலர். உண்மைதான், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியரும் மாணாக்கரும் கற்பித்தலின்போது படைப்புகளைப் படியெடுக்க இடந்தருகின்றது. எடுத்தாள இசைவு தந்தவன் பெயரை மறைக்கவும் இசைந்தானா? “சிறு பிள்ளைகட்கு இவ்வளவு சுமையா?” என்பர் வேறு சிலர். பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கிய எழுதுகோலை யாருடையது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, படம் யாருடையது என்று சொல்லத் தெரியாதா?

ஆசிரியப் பெருமக்காள்! அடுத்த செயல்திட்டத்தில் வண்ணத்துக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியைப் படத்தின் அடிக்குறிப்புக்குத் தாருங்கள். வகுப்பறையில் நீங்கள் ஒட்டும் படத்திலும் அக்குறிப்பை முதலில் நீங்களே எழுதுங்கள். பெற்றோரே! கடைக்காரர் தொகுத்துத் தரும் தாள்களை வாங்காதீர்கள், பிள்ளையே தேடட்டும். பத்துப் படங்களை ஒட்டி ஒன்றையும் அறியாதிருப்பதினும், ஒரு படத்தை ஒட்டி அதன் வரலாற்றை அறிவதே கல்வி.