அலமாரியைத் திறவுங்கள்!

பள்ளியிலே படப் புத்தகம் இருக்கிறது. அது அலமாரியிலே இருக்கிறது. அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது. சாவி தலைமையாசிரியர் மேசையிலே இருக்கிறது. பிள்ளைகள் வகுப்பிலே இருக்கிறார்கள். எல்லாம் அததன் இடத்தில் ஒழுங்காக இருக்கின்றன. கேடும் அதிலேதான் இருக்கிறது!

ஏன் பூட்டுகிறார்கள்? ஆசிரியருக்குப் பிள்ளைகள் மீது பகையா? இல்லை, தோழர்களே, அச்சம். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் கிழிந்துபோனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தணிக்கைக்கு வருகிறவர் புத்தகங்களை எண்ணுவார். படித்த பிள்ளைகளை எண்ணமாட்டார். ஆகவே, தொடுவாரின்றிப் புத்தகம் புதுக்கருக்குக் கலையாமலே பழசாகிறது.

புத்தகத்துக்கா பஞ்சம்? தேனாம்பேட்டை இளங்கோ சாலைக்குச் சென்று பாருங்கள். அங்குள்ள பாரதி புத்தகாலயம் சிறுவர் நூல்களைத் தனி வரிசையாகவே வெளியிடுகிறது. 1996-இல் சென்னையில் தொடங்கிய துளிகா பதிப்பகம் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் படக்கதைகளைக் கொண்டுவருகிறது. அரசும் 2023-இல் ‘வாசிப்பு இயக்கம்’ தொடங்கி, ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிகளில் படத்தோடு கூடிய சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்தது. பறக்க வேண்டிய பிள்ளைக்கும் பறக்கச் சொல்லும் புத்தகத்துக்கும் இடையிலே ஒரு பூட்டு நிற்கலாமா?

சலுகை கேட்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதிலே கதைப் புத்தகமும் வேண்டும் என்று அதன் அட்டவணையே சொல்கிறது. சட்டம் கொடுத்ததைச் சாவி தடுப்பதா?

“படம் பார்த்தால் மார்க் வருமா?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. வேலை முடித்து அலுத்து வீடு திரும்புகிறவர், தன் பிள்ளையாவது படித்து முன்னேற வேண்டுமென்ற தவிப்பிலே கேட்கிற கேள்வி அது. அதற்கு விடை அவரது பட்டறையிலேயே இருக்கிறது. லேத்தில் நிற்கும் தொழிலாளி டிராயிங்கைப் பார்க்கிறார். இன்னும் உருவாகாத சாமானை மனக்கண்ணிலே காண்கிறார். பிறகுதான் இரும்பைத் தொடுகிறார். இல்லாததைக் காணும் அந்தத் திறமைக்குத்தான் கற்பனை என்று பெயர். அது வளராமல் எந்தத் தொழில் வளரும்? 1658-இலேயே கொமேனியஸ் என்ற கல்வியாளர், படத்தோடு சொல்லைச் சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கென நூல் வெளியிட்டார். நேற்றைய நாகரிகமல்ல இது. மூன்றரை நூற்றாண்டு கடந்த கல்வி முறை.

ஆனால் அலமாரியைத் திறந்தால் மட்டும் போதாது. புத்தகத்தைத் திறக்கும் விதமும் தெரிய வேண்டும். மழையிலே ஓர் ஆடு பேருந்து நிறுத்தத்தில் நிற்பதாக ஒரு படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல், “பிறகு என்ன ஆயிற்று?” என்று கேட்கட்டும். ஆடு சந்தைக்குப் போகிறது என்பான் ஒருவன். தாயைத் தேடி வந்தது என்பாள் ஒருத்தி. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் இங்கே வந்து நிற்கிறது என்பான், வெள்ளத்தைக் கண்ட குடிசைப் பிள்ளை. மூன்றும் சரி! பாடப் புத்தகத்தின் கேள்விக்கு ஒரே விடை; அது வேறொருவர் எழுதி வைத்த விடை. இங்கேதான், தான் சொல்வதும் ஒரு விடை என்பதைப் பிள்ளை முதன்முதலாக அறிகிறது. வாய் திறவாத பிள்ளை வாய் திறக்கிறது. அடுத்த பக்கத்தை அதுவே வரையட்டும். கரித்துண்டு போதும், பழைய தாளின் பின்புறம் போதும். “இக்கதையால் அறியும் நீதி யாது?” என்று கேட்டு, தேர்வுக்கு மனப்பாடம் செய்யச் சொன்னால், அன்றோடு அந்தப் புத்தகமும் பாடப் புத்தகமாகிவிடும்.

வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் வீட்டிலேயே கிடைக்கும். நம் வீட்டில் அச்சடித்த தாள் என்றால் நாட்காட்டியும் கடன் ரசீதும்தானே! ஒரு காலத்தில் சோவியத் நாட்டின் வண்ணப் படப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மலிவு விலையில் விற்றது. எளியவர் வீட்டிலும் அவை நுழைந்தன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றது. இன்று கடையிலே விலை கேட்டுத் திரும்பிவிடுகிற தகப்பனின் பிள்ளைக்குப் பள்ளி அலமாரியை விட்டால் வேறு கதி ஏது?

ஆகவே நாம் கேட்பது இவை: கையாண்டதால் கிழிந்த புத்தகத்தைத் தேய்மானமாகக் கணக்கில் கழிக்கட்டும், ஆசிரியரின் அச்சம் தீரும். வாரத்தில் ஒரு பாடவேளை, தேர்வும் மதிப்பெண்ணும் இன்றி, படப் புத்தகத்துக்கென ஒதுக்கட்டும். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்களே, அந்தப் பணத்தில் வாங்கும் சிறுவர் நூல்கள் அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளிக்கும் முறை வைத்துச் சுற்றி வரட்டும்.

கேட்பது யார்? நாம்தான்! பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டுமென்பது சட்டம். கூலி போகுமென்று கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால், குழு தாளிலேதான் இருக்கும். அடுத்த கூட்டத்துக்குச் செல்லுங்கள், தோழர்களே! சுண்ணாம்பு அடித்தாயிற்றா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, “சாவி எங்கே?” என்றும் கேளுங்கள்.

கிழிந்த புத்தகத்தை ஒட்டிவிடலாம். பூட்டிய பிள்ளைப் பருவம் திரும்பி வராது!