ஆறு மீற்றர் கேட்டு வந்த தம்பி

புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றில் நின்றிருந்தேன். ஓர் இளைஞர் வந்தார்.

"நாநா, தண்ணி எறங்காத நைலோன் ஆறு மீற்றர் வேணும்."

"என்னத்துக்கு தம்பி?"

"மலைக்குப் போறம். மேலுக்குக் கட்டுற விரிப்பு வீட்டுல தைக்கப் போறன்."

"வெட்டித் தர ஏலா தம்பி. ரோலா எடுத்தா தாரன்."

தம்பி போய்விட்டார். அதே துணி முதலாளியின் பின்னால் தூசு பிடித்துக் கிடந்தது.

நமது வியாபாரிகள் சிலர் இன்னும் கவனிக்காத வாடிக்கையாளர் இவர். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெயில் வந்த பிறகு மலைநடைக்குத் தனி மவுசு. ஆனால் 2022 இல் ரூபா விழுந்ததன் பின் வெளிநாட்டுக் கூடாரமும் முதுகுப்பையும் சாதாரண இளைஞரின் கைக்கு எட்டுவதில்லை. வீட்டில் உம்மாவின் தையல் மெஷின் இருக்கிறது. துணிதான் இல்லை.

இது புதிய யோசனையுமல்ல. 1952 இல் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டம் வளைக்க, மனைவி வீட்டில் பை தைத்தார். கெல்ட்டி முதுகுப்பைகள் பிறந்தது அப்படித்தான். 1966 இல் கொலராடோவில் டேல் ஜோன்சன் இன்னும் ஒருபடி போனார். அவருடைய ஃப்ரொஸ்ட்லைன் கம்பனி ஜக்கெட்டையும் கூடாரத்தையும் தைத்து விற்கவில்லை. வெட்டிய துண்டுகளையும் செய்முறைத் தாளையும் பொதியாக விற்றது. தையல் கூலி வாங்குபவரின் கையிலேயே நின்றதால் விலை குறைந்தது. வெட்டிச் சேர்த்துக் கொடுத்ததில் விற்றவருக்கு இலாபம்.

இதை நாமும் செய்யலாம். ஒன்றரை மீற்றர் அகலத் துணியில் மூன்று மீற்றர்த் துண்டுகள் இரண்டு, பொலியெஸ்டர் நூல், மூலைகளில் தைக்க நாடா, கட்டக் கயிறு, தமிழிலும் சிங்களத்திலும் அளவுத்தாள். நடுவில் ஒரே நீளத் தையல். சிப் கூடக் கிடையாது. மிஞ்சும் துண்டுகளில் கயிறு இழுத்து மூடும் பைகள் வெட்டலாம்.

ஆனால் விற்பவருக்குச் சரக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொலியூரித்தேன் பூச்சா, சிலிக்கோன் பூச்சா? சிலிக்கோன் என்றால் இரு பக்கமும் வழுக்கும். தையல் துளையை அடைக்கவும் சிலிக்கோன் பசையே வேண்டும், மற்றது ஒட்டாது. இதைச் சொல்லாமல் விற்றால் முதல் மழையிலேயே உங்கள் பெயர் கெடும். பாறையேறும் இடுப்புப் பட்டி போன்ற உயிர் தொங்கும் சாமான்களுக்கு மட்டும் நாடா வெட்டிக் கொடுக்காதீர்கள். எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம். அது வீட்டு மெஷினுக்குரிய வேலையல்ல.

ரோலை வெட்டினால் மிச்சம் தேங்கும் என்ற பயம் நியாயமானதே. அதற்காக எல்லா ரோலையும் பிரிக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே தூசு பிடித்துக் கிடப்பதில் ஒன்றைப் பிரித்தால் என்ன நட்டம்? அந்தத் தம்பியின் ஃபோன் நம்பரையாவது முதலாளி கேட்டு வைத்திருக்கலாம்.