வாய் திறக்காமல் பாஷை வராது



நம் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை டென்மார்க்கில் தொழில் பார்க்கிறார். மகளும் அங்கே போகப் போகிறாள். டேனிஷ் பாஷையில் பரீட்சை எழுத வேண்டுமாம், சித்தியடையாவிட்டால் அங்கே இருக்க விடமாட்டார்களாம். “பிள்ளை உயர்தரம் வரை படித்தவள்தான், ஆனாலும் பயந்து போயிருக்கிறாள். எப்படி ஆயத்தமாக வேண்டும்?” என்று கேட்கிறார். பாஷை கற்பிப்பது என் தொழில் என்பதால் அங்கே இருப்பவர்களிடமும் விசாரித்து இதை எழுதுகிறேன். வேறு நாடுகளுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பும் உம்மாமாருக்கும் இது உதவும்.

முதலில் பரீட்சை என்னவென்று பார்ப்போம். அது ஒன்றல்ல, பல. கணவனோடு சேர்ந்து வாழப் போகும் மனைவிக்கு 2018 இல் வந்த விதிப்படி இரண்டு படிகள் உண்டு. 6 மாதத்துக்குள் ஏ1 என்னும் ஆரம்பப் பரீட்சை, 9 மாதத்துக்குள் ஏ2. பெயர், வீடு, குடும்பம், கடைக்குப் போவது, வருத்தம் சொல்வது போன்ற அன்றாட விடயங்களை ஒருவருக்கு விளங்கிக்கொள்ளவும் சொல்லவும் முடியுமா என்று பார்ப்பதே இவற்றின் நோக்கம்.

அதன் பிறகு வருபவை பெரிய பரீட்சைகள். முதலாம், இரண்டாம், மூன்றாம் டேனிஷ் பரீட்சை என்று அவற்றுக்குப் பெயர். நிரந்தர வதிவிடம் கேட்பவருக்கு இரண்டாவது வேண்டும். குடியுரிமை கேட்பவருக்குப் பொதுவாக மூன்றாவது வேண்டும். குடியுரிமைக்கு நாட்டின் சரித்திரம், சமூகம் பற்றிய வேறொரு பரீட்சையும் உண்டு. 2021 முதல் அதில் 45 கேள்விகள், 36க்காவது சரியான விடை தர வேண்டும்.

படிப்பதற்கு ‘ஸ்ப்ரௌசென்டர்’ என்னும் மொழி நிலையங்கள் இருக்கின்றன. தாய்மொழியிலும் எழுத வாசிக்கத் தெரியாதவர், கொஞ்சம் பள்ளிக்கூடம் போனவர், கூடுதலாகப் படித்தவர் என்று ஆட்களைப் பார்த்து மூன்று பாடநெறிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே எழுத்தறியாத மாமியும் அங்கே படிக்கலாம். பெரிய பரீட்சைகள் வருடத்துக்கு இரண்டு தடவை, மே-ஜூன் மாதங்களிலும் நவம்பர்-டிசம்பர் மாதங்களிலும் நடக்கின்றன. வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று மூன்று பகுதி. புள்ளி வழங்கும் முறை நமக்குப் புதிது. ஆகக் குறைந்தது -3, ஆகக் கூடியது 12. ‘02’ எடுத்தால் சித்தி. ‘02’ என்று கண்டு உம்மாமார் அழத் தேவையில்லை!

சகோதரிகளே, இனி என் தொழிலோடு சேர்ந்த ஒரு விடயத்தைச் சொல்கிறேன். அரபுக் கல்லூரியில் ஏழெட்டு வருடம் ஓதி, இலக்கணத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய மாணவர் ஒருவர், ஓர் அரபியைக் கண்டதும் வாய் அடைத்து நிற்பதுண்டு. வீட்டு வேலைக்கென்று சவூதிக்குப் போன ராத்தா இரண்டு வருடத்தில் அரபியில் கதைத்து, பகிடி விட்டு, சண்டையும் பிடித்துவிட்டு வருகிறார். அவருக்கு ஃபாஇல், மஃப்ஊல் ஒன்றும் தெரியாது. மாணவருக்கு அரபிகள் பேசும் வேகம் தெரியாது. டேனிஷ் பரீட்சை இந்த இருவரையும் ஒரே ஆளிடம் கேட்கிறது. கொப்பியும் வேண்டும், வாயும் வேண்டும். நம் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் கொப்பியில் கெட்டிக்காரிகள். குறை வாயில்தான்.

டேனிஷ் பாஷையில் அந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். ஏனென்றால் அங்கே எழுதுவது ஒன்று, சொல்வது இன்னொன்று. ‘நான்’ என்பதற்கு மூன்று எழுத்து எழுதுவார்கள். அவற்றைக் கூட்டி வாசித்தால் ‘யெக்’ என்று வரும், ஆனால் சொல்வது ‘யை’. வார்த்தைகளின் பின்பாதியை விழுங்கிவிடுவார்கள். கண்ணால் மட்டும் படித்தவளுக்குத் தெரிந்த சொல்லும் காதில் தெரியாத சொல்லாக விழும்.

இதில் நம் பெண்களுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. குர்ஆன் மத்ரஸாவில் தஜ்வீத் படித்தவர்கள், ஓர் எழுத்து வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று சிறு வயதிலேயே கவனித்தவர்கள். ‘முஃமின்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘மு’வுக்குப் பிறகு தொண்டையில் ஒரு வெட்டு விழுகிறதல்லவா? ஏறத்தாழ அதைப் போன்ற ஒரு வெட்டு, அதைவிட மெலிதாக, டேனிஷ் சொற்களில் வரும். ‘ஹுன்’ என்று வெட்டாமல் சொன்னால் ‘அவள்’. அதே ‘ஹுன்’னை வெட்டிச் சொன்னால் ‘நாய்’! மாமியாரைப் பற்றிப் பேசும்போது கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. ‘மென்மையான டி’ என்று இன்னொரு ஓசை உண்டு. நம் காதுக்கு அது ‘ல’ போலக் கேட்கும். ‘தால்’ ஓதும்போது நாக்கு மேற்பல்லின் நுனிக்குப் போகும். இதைச் சொல்லும்போது நாக்கின் நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால் படுத்துக் கிடக்கும். ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு பழகலாம்.

எண்களைத் தனியாகப் படிக்க வேண்டும். 75 என்பதை ‘ஐந்தும் எழுபதும்’ என்று ஒன்றை முன்னே சொல்வார்கள். அரபியில் ‘கம்ஸா வ ஸப்ஊன்’ என்கிறோமே, அதே ஒழுங்கு. சிக்கல் அந்த எழுபதில் இருக்கிறது. 50 முதல் 90 வரை இருபது இருபதாக எண்ணிய பழைய கணக்கு. 60 என்பது மூன்று இருபது, 80 என்பது நான்கு இருபது, 50 என்பது இரண்டரை இருபது, 70 என்பது மூன்றரை இருபது. கணக்கை ஒரு தடவை விளங்கிக்கொண்டு, பிறகு பெயரை மட்டும் மனனம் செய்துகொள்வது நல்லது. டென்மார்க்கில் தொலைபேசி இலக்கம் எட்டு எண்கள். அதை இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு எண்களாகச் சொல்வார்கள். எண் தெரியாதவள் வைத்தியரின் இலக்கத்தைக் கூடக் குறித்துக்கொள்ள மாட்டாள்.

இலக்கணம் அவ்வளவு கடினமில்லை. நாம் சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய், சாப்பிடுகிறாள் என்று மாற்றுகிறோம். அவர்களுக்கு எல்லோருக்கும் ‘ஸ்பீஸர்’ ஒன்றுதான். இரண்டு விடயங்களில் மட்டும் கண் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று, பெயர்ச்சொற்கள் ‘என்’ கூட்டம், ‘எத்’ கூட்டம் என்று இரண்டு வகை. எந்தச் சொல் எந்தக் கூட்டம் என்று சொல்லோடு சேர்த்தே எழுதிப் பாடமாக்க வேண்டும், பிறகு பிரித்துப் படிக்க முடியாது. அரபியில் முன்னால் வரும் ‘அல்’ செய்யும் வேலையை இங்கே இந்த என்னும் எத்தும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு செய்யும். மற்றது, சாதாரண வசனத்தில் வினைச்சொல் இரண்டாவது இடத்தை விட்டுக்கொடுக்காது. ‘இன்று’ என்று தொடங்கினால் அடுத்து ‘சாப்பிடுகிறேன்’ வந்து, அதற்குப் பிறகுதான் ‘நான்’ வரும். எழுத்துப் பரீட்சையில் நம்மவர் தடுக்கி விழக்கூடிய இடம் இது.

இனி தினசரி ஆயத்தத்தைச் சொல்கிறேன். போவதற்கு முன்பே எண்கள், கிழமைகள், உடலின் உறுப்புகள், வீட்டுச் சாமான்கள், தன்னைப் பற்றிய பத்து வசனங்கள் ஆகியவற்றைக் காதால் கேட்டு வாயால் சொல்லிப் பழகட்டும். போன பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சின்னச் செய்தியைக் கேட்டு, கேட்டதை நான்கு வசனத்தில் சொல்லி, கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து திருப்பிக் கேட்கட்டும். பழைய வினாத்தாள்களை அரசே வெளியிடுகிறது. நேரம் குறித்து அவற்றை எழுதிப் பார்க்கட்டும். பேச்சுப் பரீட்சையில் ஆயத்தம் செய்த தலைப்பில் சிறிது நேரம் பேசியதும் கேள்வி கேட்பார்கள். முழுவதையும் மனனம் செய்தவள் முதற் கேள்வியிலேயே நின்றுவிடுவாள். நான்கைந்து குறிப்புச் சொற்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் வேறு விதமாகப் பேசிப் பழகியவள் தப்பித்துக்கொள்வாள். 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளூராட்சிப் பிரிவிலும் பொது நூலகம் உண்டு, புத்தகம் இரவல் பெறக் கட்டணம் இல்லை. அகதிகளுக்கான அமைப்புகளின் தொண்டர்கள், அவர்களில் பல பெண்கள், உட்கார்ந்து பேசிப் பழக்கவும் முன்வருகிறார்கள். வெட்கப்படாமல் போகச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பிள்ளை செய்ய வேண்டியவை. வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளைமாரும் மாமிமாரும் இதை வாசித்தால் நல்லது.

புதிதாக வந்த மனைவிக்காகக் கணவனே கடையில் பேசுகிறான், வைத்தியரிடம் பேசுகிறான், அவளுக்கு வந்த கடிதத்தையும் திறக்கிறான். அன்பினால்தான் செய்கிறான். ஆனால் பரீட்சை மண்டபத்துக்குள் அவனுக்கு இடமில்லை. 2014 நவம்பர் முதல் அந்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவருக்கு அரச கடிதங்கள் தனித்தனி மின்னஞ்சற் பெட்டிக்கு வருகின்றன. அதைத் திறக்கும் இரகசிய இலக்கத்தை எவரிடமும் கொடுக்கக்கூடாது என்பது விதி. தன் பெயருக்கு வந்ததைத் தானே திறந்து, அகராதியை வைத்துக்கொண்டாவது தானே வாசிப்பதை விடச் சிறந்த வாசிப்புப் பயிற்சி வேறெதுவும் இல்லை.

வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் கேட்டால், நாட்டில் மூன்று வருடத்துக்கு மேல் வாழ்ந்தவரிடம் கட்டணம் அறவிடும் சட்டம் 2018 ஜூலையில் வந்தது. பணத்தை மிச்சம் பிடிக்க, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று எண்ணாதீர்கள். உம்மாவின் உடம்பில் உள்ள கோளாறை ஒன்பது வயது மகன் வாயால் கேட்பதும் சொல்வதும் சரிதானா? அந்த உம்மா சொல்லாமல் மறைத்தவை எத்தனை இருக்கும்!

கடிதம் வாசிக்கத் தெரிவது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சரித்திரமும் இருக்கிறது. டென்மார்க்கில் 1987 இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின் ஹன்சன், இலங்கைத் தமிழ் அகதிகள் தம் மனைவி மக்களை அழைப்பதற்குச் செய்த விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடச் செய்தார். குடும்பங்கள் காத்துக் கிடந்தன. முறைப்பாடு போயிற்று, ஒம்புட்ஸ்மன் விசாரித்தார். கடைசியில் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995 இல் முன்னாள் அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. சட்டம் காத்திருந்தவர்களின் பக்கமே இருந்தது. தன் பக்கம் சட்டம் இருக்கிறது என்பதை அறிய, அந்த நாட்டுப் பாஷை தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நம் மகளாகவே இருந்தால் எவ்வளவு நல்லது!

ஆகவே கடிதம் எழுதிய சகோதரியே, மகளுக்கு நகை கொடுத்து அனுப்புவதோடு ஒரு கொப்பியும் கொடுத்து அனுப்புங்கள். மாப்பிள்ளையிடம் இரண்டு விடயங்களைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குப் போகும் நேரத்தில் வீட்டு வேலையோ விருந்தாளியோ குறுக்கே வரக்கூடாது. பிள்ளை பிறந்தாலும் படிப்பு நின்றுபோகக்கூடாது. விதிகள் அடிக்கடி மாறுவதால், போவதற்கு முன் அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் அப்போதைய அறிவித்தலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகள் தொலைபேசியில் பேசும்போது “சாப்பிட்டாயா?” என்று கேட்ட பிறகு, “இன்றைக்கு யாரோடு டேனிஷில் கதைத்தாய்?” என்றும் கேளுங்கள். ஒரு நாள் “பக்கத்து வீட்டுக் கிழவியோடு” என்று பதில் வரும். அன்றைக்கு உங்கள் பயம் பாதி குறைந்துவிடும்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.