கொல்கத்தாவின் உள்ளூர்ச் செய்தித் தொலைக்காட்சிகள்: நலிவின் வேரும் மீட்சியின் வழியும்

கொல்கத்தா: சாரதா நிதி நிறுவனக் குழுமம் 2013 ஏப்ரலில் சரிந்தபோது மேற்கு வங்கத்தின் சிற்றூர்களில் லட்சக்கணக்கானோர் தங்கள் சேமிப்பை இழந்தனர். அதே சரிவில் ஊதியமின்றித் தவித்த மற்றொரு பிரிவினரும் உண்டு. சேனல் 10, தாரா நியூஸ், தாரா மியூசிக் ஆகிய தொலைக்காட்சிகளிலும் சில நாளேடுகளிலும் பணியாற்றிய செய்தியாளர்கள், ஒளிப்பதிவாளர்கள், தொழில்நுட்பப் பணியாளர்களே அவர்கள். அந்த நிறுவனங்களின் உரிமை சாரதா குழுமத்திடம் இருந்தது.

அந்த நிகழ்வு நடந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால் அது எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை. ஒரு நகரத்தின், ஒரு மாநிலத்தின் செய்திகளை மட்டுமே நம்பி இயங்கும் தொலைக்காட்சி, பெரும் குழுமங்களின் துணையின்றியும் ஐயத்துக்குரிய பணத்தின் துணையின்றியும் நிலைத்து நிற்க இயலுமா என்பதே அக்கேள்வி. கொல்கத்தாவின் அனுபவம் இதற்கு எச்சரிக்கையாகவும் வழிகாட்டியாகவும் அமைந்துள்ளது.

முன்னோடி நகரம்

இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. 1975 ஆகஸ்ட் 9 அன்று அங்கு தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது. ஆறு நாள்களுக்குப் பின்னரே சென்னை நிலையம் தொடங்கப்பட்டது. தனியார் ஒளிபரப்புக்கான சட்ட அடித்தளமும் இந்நகரத்தில் பிறந்த ஒரு வழக்கிலிருந்தே கிடைத்தது. 1993-ஆம் ஆண்டு ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டியின் ஒளிபரப்பு உரிமை தொடர்பாக வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றும், ஒளிபரப்பு அரசின் ஏகபோகமாக இருத்தல் கூடாது என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது.

அதன் பின்னர் வங்க மொழிச் செய்திச் சந்தை வேகமாக வளர்ந்தது. தூர்தர்ஷனின் முன்னாள் தலைமை இயக்குநரும் ஸ்டார் இந்தியா நிறுவனத்தின் முன்னாள் தலைவருமான ரதிகாந்த பாசு 2000-ஆம் ஆண்டில் தாரா தொலைக்காட்சிகளைத் தொடங்கினார். 2005-இல் ஸ்டார் ஆனந்தா வந்தது. 2012-இல் அதன் பெயர் ஏபிபி ஆனந்தா என மாறியது. 2006-இல் 24 கண்டா, கொல்கத்தா டிவி ஆகியவை களமிறங்கின. 2021 சட்டப்பேரவைத் தேர்தலையொட்டி டிவி9 பங்ளா, ரிபப்ளிக் பங்ளா ஆகியவையும் சேர்ந்துகொண்டன.

நாடு முழுவதும் பல மொழிகளில் இயங்கும் குழுமங்கள், ஒரு மொழியில் ஏற்படும் இழப்பை மற்றொரு மொழியின் வருவாயால் ஈடுகட்ட முடியும். ஒரே ஒரு நிலையத்தை மட்டும் வைத்திருக்கும் உள்ளூர் நிறுவனத்துக்கு அத்தகைய வசதி இல்லை. அதன் நலிவு இந்தச் சமனற்ற போட்டியிலிருந்தே தொடங்குகிறது.

வருவாய் எங்கே கரைகிறது?

செய்தித் தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவை இலவசமாகவே வழங்கப்படுகின்றன. எனவே சந்தாதாரர் செலுத்தும் தொகையில் அவற்றுக்குப் பங்கு இல்லை. மாறாக, தங்கள் ஒளிபரப்பை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்க அவை கேபிள் மற்றும் டி.டி.எச். நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியுள்ளது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2017-இல் வகுத்த விதிகளின்படி, சாதாரணத் தரத்தில் ஒளிபரப்பாகும் ஓர் அலைவரிசைக்கு இக்கட்டணத்தின் உச்சவரம்பு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 காசுகள். பத்து லட்சம் இணைப்புகள் உள்ள ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும், உச்சவரம்பில், மாதம் 2 லட்சம் ரூபாய் செலுத்த நேரிடும். ஒரு மாநிலத்தை எட்ட இத்தகைய பல நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பது விளம்பர வருவாய். அது பார்வையாளர் கணக்கெடுப்பைச் சார்ந்தது. நாட்டில் 21 கோடி வீடுகளில் தொலைக்காட்சி இருப்பதாக ஒளிபரப்புப் பார்வையாளர் ஆய்வுக் குழு (பார்க்) 2020-இல் கணக்கிட்டது. ஆனால் கணக்கெடுப்புக் கருவி பொருத்தப்பட்ட வீடுகள் சுமார் 55 ஆயிரம் மட்டுமே. அதாவது சராசரியாக ஒரு கருவி சுமார் 3,800 வீடுகளுக்காகப் பேசுகிறது. பெரிய அலைவரிசைகளுக்கு இந்த ஏற்றத்தாழ்வு பொருட்டல்ல. ஆனால் சில மாவட்டங்களில் மட்டும் பார்க்கப்படும் சிறிய நிலையத்தின் தரப்புள்ளி, ஒரு சில வீடுகளின் விருப்பம் மாறினாலே சரிந்துவிடும். தரப்புள்ளி முறைகேட்டுப் புகார்களைத் தொடர்ந்து 2020 அக்டோபரில் செய்தி அலைவரிசைகளுக்கான கணக்கு நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில் நான்கு வாரச் சராசரி முறையில் மீண்டும் வெளியிடப்பட்டது. வாரந்தோறும் ஏறி இறங்கும் எண்களைவிட இது மேலானது என்றாலும், சிறு நிலையங்களின் அடிப்படைச் சிக்கல் அப்படியே உள்ளது.

வருவாய் குறைந்ததும் முதலில் வெட்டப்படுவது களச் செய்தி சேகரிப்பு. மாவட்டச் செய்தியாளர்கள் நிரந்தர ஊதியத்திலிருந்து செய்திக்கு இவ்வளவு என்ற கணக்குக்கு மாற்றப்படுகின்றனர். காலியாகும் நேரத்தை மாலை நேர விவாதங்கள் நிரப்புகின்றன. ஒரு நெறியாளர், நான்கு அரசியல் பேச்சாளர்கள், ஒரு படப்பிடிப்பு அரங்கு ஆகியவையே அதற்குப் போதுமானவை. ஆனால் அதே விவாதத்தை அதே பேச்சாளர்களைக் கொண்டு பெரிய அலைவரிசைகளும் நடத்துகின்றன. தனக்கே உரிய சரக்கைக் கைவிட்டுப் பிறர் கடையின் சரக்கை விற்க முயலும் வணிகரின் நிலைதான் உள்ளூர் நிலையத்துக்கு ஏற்படுகிறது.

சாரதா தந்த பாடம்

இந்த வெற்றிடத்தில்தான் நிதி நிறுவனங்கள் நுழைந்தன. நட்டத்தில் இயங்கும் தொலைக்காட்சியை ஒரு நிதி நிறுவனம் வாங்குவது வணிகக் கணக்கில் புரியாத செயலாகத் தோன்றலாம். ஆனால் சிற்றூர்களில் வைப்புத்தொகை திரட்டும் முகவருக்குத் தன் நிறுவனத்தின் பெயர் திரையில் தெரிவதே மிகப் பெரிய நம்பிக்கைச் சான்று. அத்துடன் ஊடக உரிமை அதிகார வட்டாரங்களுடன் நெருக்கத்தையும் தரவல்லது. சாரதா மட்டுமன்றி, பின்னர் இதேபோன்ற புகாரில் சிக்கிய ரோஸ் வேலி குழுமமும் வங்க மொழித் தொலைக்காட்சிகளை நடத்தியது.

சாரதா குழுமத் தலைவர் சுதீப்த சென் 2013 ஏப்ரல் 23 அன்று காஷ்மீரின் சோனாமார்க்கில் கைது செய்யப்பட்டார். தாரா பணியாளர்கள் ஒளிபரப்பை நிறுத்தாமல் தாங்களே தொடர்ந்து நடத்தினர். அதே ஆண்டு மே மாதம், தாரா நியூஸ், தாரா மியூசிக் ஆகியவற்றை மாநில அரசே ஏற்கும் என்றும், பணியாளர் ஒவ்வொருவருக்கும் 16 ஆயிரம் ரூபாய் உதவித்தொகை வழங்கப்படும் என்றும் முதலமைச்சர் மம்தா பானர்ஜி அறிவித்தார்.

வேலையிழப்பின் விளிம்பில் நின்றவர்களுக்கு அந்த அறிவிப்பு உடனடி ஆறுதல் அளித்தது உண்மை. எனினும் அது இரு சிக்கல்களை எழுப்பியது. முதலாவது, சட்டம் சார்ந்தது. மாநில அரசுகள் ஒளிபரப்புத் துறையில் இறங்கக் கூடாது என்று டிராய் 2012 டிசம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது. 2022 அக்டோபரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் அதே நிலைப்பாட்டை வலியுறுத்தி அறிவுரை வெளியிட்டது. தமிழ்நாட்டின் அரசு கேபிள் நிறுவனமும் கல்வித் தொலைக்காட்சியும் அப்போது விவாதத்துக்கு உள்ளாயின.

இரண்டாவது, பொதுப்பணம் பற்றியது. முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து 2013 மே முதல் 23 மாதங்களுக்கு, மாதம் 27 லட்சம் ரூபாய் வீதம் மொத்தம் 6.21 கோடி ரூபாய் தாரா பணியாளர்களின் ஊதியத்துக்காக வழங்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வுத் துறை பின்னர் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. உதவியின் நோக்கம் நல்லதாகவே இருப்பினும், அரசிடமிருந்து மாத ஊதியம் பெறும் செய்தி அறை அரசைக் கேள்வி கேட்பது எளிதன்று.

வெளியிலிருந்து சில சான்றுகள்

பணியாளர்களே நிலையத்தை மீட்ட முன்னுதாரணம் கனடாவில் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தலைநகர் விக்டோரியாவில் 1956 முதல் இயங்கிவரும் செக் தொலைக்காட்சியை மூடிவிட, அதன் உரிமையாளரான கேன்வெஸ்ட் நிறுவனம் 2009-இல் முடிவு செய்தது. பணியாளர்களும் உள்ளூர் முதலீட்டாளர்களும் இணைந்து, பெயரளவுக்கு இரண்டு டாலர் விலையில் அதை வாங்கினர். தீவு மக்களின் அன்றாடச் செய்திகளையே மையமாகக் கொண்டு அந்நிலையம் இன்றும் இயங்குகிறது.

நகரத்தின் பெயரைச் சூட்டிக்கொள்வது மட்டும் போதாது என்பதற்கு லண்டன் லைவ் எடுத்துக்காட்டு. உலகின் மிகப் பெரிய ஊடக நகரங்களுள் ஒன்றில் 2014 மார்ச்சில் தொடங்கப்பட்ட அந்த உள்ளூர்த் தொலைக்காட்சி, போதிய பார்வையாளரைத் திரட்ட இயலாமல் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. சென்னையிலும் 2009-இல் நகருக்கென ஆங்கிலத்தில் தொடங்கப்பட்ட என்டிடிவி-ஹிந்து நீடிக்கவில்லை. 2012-இல் அது கைமாறி, தமிழில் தந்தி டிவியாக உருமாறியது. நகரின் பெரும்பான்மையோர் பேசும் மொழியும் அவர்கள் அறிய விரும்பும் செய்தியும் பொருந்தாவிடில் உள்ளூர் அலைவரிசை வேர்பிடிக்காது என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

செய்தியில் தொடங்கும் மீட்சி

கொல்கத்தாவில் உள்ளூர்ச் செய்திக்குப் பஞ்சமில்லை. 2019 ஆகஸ்ட் இறுதியில் கிழக்கு-மேற்கு மெட்ரோ சுரங்கப் பணியின்போது பவ்பஜாரில் நிலம் உள்வாங்கிப் பழைய வீடுகள் இடிந்தன, நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். 2022-இல் அங்கு மீண்டும் விரிசல்கள் தோன்றின. அந்தப் பகுதியைக் கடக்கும் எஸ்பிளனேடு-சியால்டா தடம் 2025 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. இடிபாடுகளை நேரலையில் காட்ட எல்லா அலைவரிசைகளாலும் இயலும். ஆறு ஆண்டுகள் தொடர்ந்து, எந்தக் குடும்பம் வீடு திரும்பியது, எந்த நகைப்பட்டறை மூடப்பட்டது, இழப்பீடு யாரைச் சேர்ந்தது என்று கணக்கெடுப்பது உள்ளூர் நிலையத்தால் மட்டுமே முடியும்.

2018 செப்டம்பரில் மாஜேர்ஹாட் பாலம் இடிந்த பின்னர் பாலங்களின் உறுதி பற்றி எழுந்த கேள்விகளும், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 25,753 பள்ளிப் பணி நியமனங்கள் ரத்தானதன் விளைவுகளும் இத்தகையவையே. மாநகராட்சியின் 144 வார்டுகளில் மழைநீர் தேங்கும் இடங்கள், கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்தின் ஆக்கிரமிப்பு, அரசு மருத்துவமனைகளின் நிலை ஆகியவை ஒவ்வொன்றும் நிரந்தரச் செய்திப் பிரிவுக்கு உரியவை. தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பகுதிவாசிகளுக்கும் மாலை விவாதத்தைவிட நாளைய குடிநீர் விநியோகம் பற்றிய செய்தியே பயனுள்ளது.

தொழில்நுட்பம் இதற்குத் துணைநிற்கிறது. முன்பு நேரலைக்குச் செயற்கைக்கோள் வாகனம் தேவைப்பட்டது. இன்று முதுகுப்பையில் அடங்கும், பல கைப்பேசி இணைப்புகளை ஒருங்கிணைக்கும் கருவியே போதும். எனவே மிச்சமாகும் தொகை மாவட்டச் செய்தியாளரின் ஊதியத்துக்கும் காப்பீட்டுக்கும் செல்ல வேண்டும். அரங்கின் அலங்காரத்துக்கு அதைச் செலவிடுவது பழைய தவறையே மீண்டும் செய்வதாகும்.

வருவாயிலும் ஒழுங்கு தேவை. அரசு விளம்பரம், அரசியல் கட்சி விளம்பரம், ஒரே குழுமத்தின் விளம்பரம் ஆகிய எதுவும் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டாதவாறு நிலையமே தனக்கு வரம்பு வகுத்து, ஆண்டுதோறும் அந்தக் கணக்கை வெளியிடலாம். சில மாத ஊதியத்துக்கு இணையான தொகையை உரிமையாளர் தொட முடியாத தனிக் கணக்கில் வைப்பது, சாரதா போன்ற சரிவு நேர்ந்தால் பணியாளர்களைக் காக்கும்.

கொள்கையிலும் மாற்றம் தேவை

நிலையங்களின் முயற்சி மட்டும் போதாது. செய்தி அலைவரிசை தொடங்க விரும்பும் நிறுவனத்துக்கு 20 கோடி ரூபாய் நிகர மதிப்பு இருக்க வேண்டும் என்று 2011 முதல் விதி உள்ளது. பொறுப்பற்றோரைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் இவ்விதி பணத்தின் அளவைக் கேட்கிறதேயன்றி, அது வந்த வழியைப் போதிய அளவு ஆராய்வதில்லை. ஏழை முதலீட்டாளர்களின் வைப்புத்தொகையைக் கொண்ட குழுமத்தால் தொலைக்காட்சிகளை வாங்க முடிந்தது. அவற்றை உண்மையில் நடத்திக்கொண்டிருந்த பணியாளர்களுக்கோ அந்த 20 கோடி எட்டாத உயரம். மேலும், 2022 வழிகாட்டுதல்களின்படி நிறுவனங்களும் வரம்புக்குட்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைகளும் மட்டுமே அனுமதி கோரலாம். கூட்டுறவுச் சங்கங்களுக்கு அதில் இடமில்லை.

ஒரு நகரம் அல்லது ஒரு மாநில எல்லைக்குள் மட்டும் இயங்கும் செய்தி நிலையங்களுக்கு நிகர மதிப்பு வரம்பைக் குறைப்பது, நிதி மூலத்தைக் கடுமையாக ஆராய்வது, உரிமையாளர் கைதானாலோ நிறுவனம் நொடித்தாலோ நிலையத்தை வாங்கும் முதல் வாய்ப்பைப் பணியாளர் அமைப்புக்கு வழங்குவது ஆகியவை பரிசீலிக்கத்தக்கவை. ஊடக உரிமை குறித்து டிராய் 2014 ஆகஸ்டில் அளித்த விரிவான பரிந்துரைகளையும் இதனுடன் சேர்த்து விவாதிக்க வேண்டும்.

2013-இல் தாரா பணியாளர்கள் ஊதியம் உறுதியில்லாத நிலையிலும் ஒளிபரப்பைத் தொடர்ந்தனர். திறமையும் ஈடுபாடும் செய்தி அறையில் இருந்தன. நேர்மையான முதலீடும் அதற்கு வழிவிடும் விதியுமே இல்லாமல் போயின. அடுத்த சரிவு நேரும்வரை காத்திராமல் அவ்விரண்டையும் உருவாக்குவதே, கொல்கத்தாவில் மட்டுமன்றி நாட்டின் பிற நகரங்களிலும் உள்ளூர்ச் செய்தி நிலைப்பதற்கான வழியாகும்.