ஆடு காட்டுக்குப் பகையா?

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் எல்லாருக்கும் பழக்கமான வசவு ஒன்று உண்டு: "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!" சில வேளைகளில் மாட்டுக்குப் பதில் ஆடு வரும். படிப்பு ஏறாதவனுக்கு மிஞ்சும் வேலை மேய்ப்பு என்பதே இதன் பொருள். இடைநிலைப்பள்ளிக்குப் போய்த் தமிழ் இலக்கியத்தையும் ஒரு தேர்வுப் பாடமாக எடுத்துக்கொண்டவர்கள் இதற்கு நேர்மாறான ஒன்றைப் படித்திருப்பார்கள். முல்லை என்றால் காடும் காடு சார்ந்த இடமும். அங்கே வாழும் மக்கள் ஆயர், இடையர். தொழில் நிரை மேய்த்தல். மதிப்பெண்ணுக்காக மனனம் செய்தோம். வகுப்பில் வசவாக இருந்த தொழில் எப்படித் தேர்வுத்தாளில் பண்பாடாக மாறியது என்று நம்மில் ஒருவரும் எழுந்து கேட்கவில்லை.

வனவியல் படிக்க வந்த பிறகே இந்தக் கேள்வி என்னைத் தொற்றிக்கொண்டது. அரசாங்கத்துக்குச் சொந்தமான காட்டில் ஆடு மேயலாமா, கூடாதா என்பது உலகின் பல நாடுகளில் நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு. ஒரு தரப்பு, "ஆடு நுழைந்த காடு அழிந்த காடு" என்கிறது. மறு தரப்பு, "மேய்ச்சல் எங்கள் பரம்பரை உரிமை" என்கிறது. இரு தரப்புமே உண்மையான கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன என்பது என் கருத்து. எத்தனை ஆடு, எத்தனை நாள், எந்த இடத்தில்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத எந்தச் சட்டமும் காட்டைக் காப்பாற்றாது. அந்தப் பதிலை மேய்ப்பவரை உட்காரவைத்துக் கேட்காமல் எழுதவும் முடியாது.

அமெரிக்கா கற்ற பாடம்

இந்த வழக்கின் வரலாற்றை அறிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பார்ப்பதே நல்லது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குள்ள மலைகளில் இலட்சக்கணக்கான செம்மறியாடுகள் கேட்பாரின்றி மேய்ந்தன. முதலில் வருபவனுக்கே முதல் புல். ஆகவே பனி உருகி மண் உலர்வதற்குள்ளேயே மந்தைகள் மலையேறின. புகழ்பெற்ற இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் 1869ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு செம்மறி மந்தையோடு சியரா நெவாடா மலைக்குச் சென்றவர். அங்கே கண்ட சேதத்தால் மனம் வெதும்பிய அவர், பிற்காலத்தில் ஆடுகளைக் குளம்பு முளைத்த வெட்டுக்கிளிகளுக்கு ஒப்பிட்டார்.

அவர் மிகைப்படுத்தினார் என்று சொல்லிவிட முடியாது. யூட்டா மாநிலத்தில் மான்டை என்றொரு சிற்றூர். ஊருக்கு மேலிருந்த மலை உச்சிகளை ஆடுகள் மொட்டையடித்துவிட்டதால், கோடை மழை பெய்தபோதெல்லாம் சேறும் கல்லும் வெள்ளத்தோடு ஊருக்குள் இறங்கின. எங்கள் மலையை அரசு எடுத்துக் காக்கட்டும் என்று ஊர்மக்களே கேட்டார்கள். 1903இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1912இல் அருகிலேயே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டு, ஆர்தர் சாம்ப்சன் என்ற அறிவியலாளர் அதன் முதல் இயக்குநர் ஆனார். மேய்ச்சல் நில அறிவியல் என்று இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் அவரும் ஒருவர்.

காடுகளைக் காக்க 1891இல் சட்டம் வந்தது. 1905இல் அமெரிக்க வனச்சேவை அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோ. ஆடுகளை முற்றாக விரட்ட வேண்டும் என்று மியூர் நினைத்தார். பின்ஷோ அதற்கு உடன்படவில்லை. அனுமதிச் சீட்டு, எண்ணிக்கை வரம்பு, பருவ வரம்பு ஆகியவற்றோடு மேய்ச்சலை அனுமதித்து, 1906 முதல் கட்டணமும் வாங்கினார். கலிபோர்னியாவில் பியர் கிரிமோ என்ற மேய்ப்பர் அனுமதியின்றி ஆடுகளைக் காப்புக்காட்டுக்குள் ஓட்டிச்செல்ல, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுக்காட்டில் மேய்ச்சலுக்கு விதி வகுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 1911இல் தீர்ப்பானது.

இதோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. முதல் உலகப் போர் வந்ததும் இறைச்சியும் கம்பளியும் வேண்டும் என்று வரம்புகள் தளர்த்தப்பட்டன; காட்டில் மந்தைகள் பெருகின; நிலம் மீண்டும் நலிந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, நெருக்கடி வரும்போதும் அதைப் பிடித்து நிற்கும் மனவுறுதி வேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

புல்லுக்கும் மூச்சு வேண்டும்

புல் எப்படி வாழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். இலை சூரிய ஒளியில் உணவு சமைக்கிறது. அந்த உணவில் வேர் வளர்கிறது. ஆடு ஒருமுறை கடித்தால் புல் செத்துவிடாது, திரும்பத் துளிர்க்கும். துளிர்த்த இலை வளர்வதற்குள் மறுபடியும் மறுபடியும் கடிபட்டால் வேர் சுருங்கும். வேர் சுருங்கினால் மண் பிடிப்பை இழக்கும். அடுத்த மழையில் மண்ணே போய்விடும். மான்டையில் நடந்தது இதுதான்.

சாம்ப்சன் சொன்ன வழி எளிமையானது. மேய்ச்சல் நிலத்தைப் பல பாகங்களாகப் பிரி. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பாகத்தில் புல் விதை முற்றி உதிரும்வரை ஆட்டை விடாதே. மறு ஆண்டு அந்த ஓய்வை வேறொரு பாகத்துக்குக் கொடு. 'பாதி எடு, பாதி விடு' என்பது அங்குள்ள மேய்ப்பர்கள் பலரும் அறிந்த கணக்கு. இரவில் ஆடுகளை ஒரே இடத்தில் பல நாள் அடைத்தால் அந்த இடம் புழுதிக்காடாகும் என்பதால், அடைக்கும் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதியும் வந்தது.

இதைப் படித்தபோது எனக்குத் தமிழ்நாட்டின் கிடை நினைவுக்கு வந்தது. அறுவடை முடிந்த வயலில் செம்மறிகளை இரவில் அடைத்து, சாணமும் சிறுநீரும் எருவாக விழுந்த பிறகு கிடையை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார்கள். உரம் பெற்ற விவசாயி நெல்லோ பணமோ கொடுப்பார். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இது. ஒரே இடத்தில் தங்காதே என்ற அறிவை அவர்கள் ஆய்வு நிலையத்தில் கற்கவில்லை. மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று திட்டுபவர்கள் இதைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு மந்தையை மழை, புல், பயிர், நோய் எல்லாவற்றையும் கணித்து ஆண்டு முழுவதும் நடத்திச் செல்வது படிப்பில்லாத வேலை அன்று.

தடை போட்டால் தீர்ந்துவிடுமா?

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டின் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. மேகமலைப் பகுதி தொடர்பான வழக்கில் பிறந்த ஆணை அது. எதிர்ப்புக் கிளம்பியது. அதே மாதத்தில் ஆணை திருத்தப்பட்டு, தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு தடை நிறுத்தப்பட்டது. தடையை ஆதரிப்போரின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆடுமாடுகள் மானின் புல்லைத் தின்கின்றன, நோயைக் கொண்டுவருகின்றன. ஆயினும், இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், நாடோடி மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சலை ஓர் உரிமையாகவே ஏற்றிருக்கிறது. வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் கிடை எங்கே போகும்? மேட்டு நிலமும் காட்டோரமும் அன்றி வேறு போக்கிடம் எது? ஒரே வரியில் மாநிலம் முழுவதற்கும் தடை எழுதும்போது இந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போகிறது.

தடை எப்போதும் இயற்கைக்கு நன்மை தரும் என்பதும் உறுதியில்லை. இராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் பூங்காவில் 1982இல் எருமை, மாடு மேய்ச்சல் திடீரென்று தடுக்கப்பட்டது. கிராம மக்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன்பின் நடந்ததுதான் வேதனை. எருமை தின்னாத புல் நீர்நிலைகளை மூடியது. பறவைகளுக்கு நீர்ப்பரப்பு குறைந்தது. அங்கு ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்த மும்பை இயற்கை வரலாற்றுக் கழகமே மேய்ச்சலால் பூங்காவுக்கு நன்மை இருந்ததை எடுத்துச் சொன்னது. தடைக்கு முன் கிராமத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எருமை என்ன தின்கிறது என்பதை அவர்களே சொல்லியிருப்பார்கள்.

பொது நிலம் யாருடைய நிலம்?

நம் பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் படிக்கும் எவரும் காரட் ஹார்டினைத் தாண்டிப் போக முடியாது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தன் இலாபத்துக்காக இன்னொரு மாட்டைச் சேர்ப்பார்கள், கடைசியில் நிலமே பாழாகும் என்று 1968இல் எழுதியவர் அவர். விரிவுரையில் இதைக் கேட்டதும் தலையாட்டிவிடுகிறோம். இதற்குப் பதில் சொன்ன எலினோர் ஆஸ்ட்ரமின் பெயர் அத்தனை உரக்கக் கேட்பதில்லை. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். குளிர்காலத்தில் எத்தனை பசுக்களுக்கு உன்னால் தீவனம் போட முடியுமோ அத்தனை பசுக்களை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்பது 1517ஆம் ஆண்டிலிருந்தே அவ்வூரின் விதி. ஊரே வகுத்தது, ஊரே காவல் காத்தது, மீறியவனுக்கு ஊரே அபராதம் போட்டது. இத்தகைய ஆய்வுக்காக 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி ஆஸ்ட்ரம். கவனிப்பாரற்ற நிலம்தான் பாழாகிறது. பொதுவாக இருப்பதாலேயே எந்த நிலமும் பாழாவதில்லை.

இதற்காக மேய்ப்பர் கேட்பதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பேயெட் தேசியக் காடு இருக்கிறது. வளர்ப்புச் செம்மறிகளிடமிருந்து பரவும் கிருமிகளால் அங்குள்ள பெருங்கொம்புக் காட்டுச் செம்மறிகள் நிமோனியா கண்டு மடிந்தன. மந்தையை இடம் மாற்றுவதாலோ புல்லுக்கு ஓய்வு கொடுப்பதாலோ இது தீராது. ஆகவே 2010இல் வனச்சேவை அங்கு ஆடு மேய்க்கும் பரப்பை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைத்தது. ஆடு வளர்ப்போர் வழக்குப் போட்டனர். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வனச்சேவையின் பக்கமே நின்றது. சில குடும்பங்களுக்கு அது பேரிழப்பு. இருந்தும் அந்த முடிவு சரியென்றே கருதுகிறேன். ஏனெனில் அது குறிப்பிட்ட காட்டுக்கு, குறிப்பிட்ட காரணத்துக்காக, ஆய்வைக் காட்டி எடுக்கப்பட்ட முடிவு.

கட்டணத்திலும் நேர்மை வேண்டும். அமெரிக்கப் பொது நிலங்களில் ஒரு பசுவும் கன்றும், அல்லது ஐந்து செம்மறிகள், ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை வாங்கிய கட்டணம் 1.35 டாலர். தனியார் நிலத்தில் அதே மேய்ச்சலுக்குச் சராசரியாக 20 டாலருக்கு மேல். ஏழை மேய்ப்பருக்குச் சலுகை கொடுப்பது நியாயம். பெரும் பண்ணைகளுக்கும் அதே சலுகை கிடைக்கும்போது, நிலத்தைப் பராமரிக்க வேண்டிய பணம் எங்கிருந்து வரும்?

என் பார்வையில் செய்ய வேண்டியவை சிலவே. ஒவ்வொரு காட்டுக்கும் தாங்குதிறன் கணக்கிடப்பட வேண்டும். வறட்சி ஆண்டில் அந்த எண் தானாகக் குறைய வேண்டும். மேய்ச்சல் பகுதிக்குள் சிறு வேலிச்சதுரம் ஒன்றை அமைத்து, உள்ளே வளரும் புல்லையும் வெளியே மேய்ந்த புல்லையும் ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து படமெடுத்து ஒப்பிட வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு கேமரா போதும். அந்தப் படங்களை அதிகாரியும் மேய்ப்பரும் சேர்ந்து பார்க்க வேண்டும். இருவரும் ஒரே படத்தைப் பார்க்கும்போது சண்டை பாதியாகக் குறையும்.

நமக்கு இதில் என்ன?

"மலேசியாவில் மேய்ச்சல் காடு எங்கே இருக்கிறது?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நம் தோட்டப்புற வரலாற்றைத் திருப்பிப் பாருங்கள். லயத்து வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டகையும் மாட்டுக்கொட்டகையும் இல்லாத தோட்டம் இருந்ததா? ரப்பர் மரங்களுக்கு இடையே செம்மறி வளர்த்தால் களைக்கொல்லிச் செலவு குறையும் என்று இந்நாட்டு ஆய்வாளர்கள் 1980களில் எடுத்துச் சொன்னார்கள். அதற்கு முன்பே நம் பாட்டன்மார் அதைச் செய்துகொண்டிருந்தனர். என் தாத்தாவும் அப்படித்தான் ஆடு வளர்த்தார். எந்த நிரையில் புல் முற்றியிருக்கிறது, எந்த இளங்கன்றின் பக்கம் ஆடு போகக்கூடாது என்பது அவருக்கு அத்துப்படி. தோட்டம் விற்கப்பட்டபோது வேலைக்கு இழப்பீடு பேசினார்கள், வீட்டுக்குப் பேசினார்கள். ஆடுகள் எங்கே மேயும் என்று ஒருவரும் பேசவில்லை. கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது எந்த ஏட்டிலும் ஏறாமல் போயிற்று.

நிலத்தில் உழைப்பவனை நிலத்தைப் பற்றிய பேச்சிலிருந்து விலக்கி வைப்பது அமெரிக்காவுக்கோ தமிழ்நாட்டுக்கோ மட்டும் உரிய பழக்கம் அன்று. இந்நாட்டிலும் காடும் நிலமும் மாநில அரசுகளின் கையில் இருக்கின்றன. முடிவெடுக்கும் மேசையில் நம்மவர் வெகு சிலரே. மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று வரிசையில் நிற்கும் நம் மாணவர்களுள் ஒரு சிலராவது வனவியலுக்கும் கால்நடை அறிவியலுக்கும் நில நிர்வாகத்துக்கும் வர வேண்டும். முன்னாள் மாணவர்கள், தங்கள் பெற்றோரும் தாத்தா பாட்டியும் தோட்டத்தில் கால்நடை வளர்த்த முறையைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அந்தத் தலைமுறை நம்மோடு இருக்கும் ஆண்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போவோம்.