பிள்ளையாரை உடைச்சா பிரம்மம் உடையுமா?

நாத்திகம் பேசினா ரெடிமேடா ஒரு பதில் வரும். "நீங்க அடிக்கிறது பாமரனோட சாமியை. நிஜமான தத்துவக் கடவுள் உங்களுக்குத் தெரியாது." 2006-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 'தி காட் டெல்யூஷன்' எழுதினப்போ டெர்ரி ஈகிள்டன் வச்ச குற்றச்சாட்டும் கிட்டத்தட்ட இதேதான்: இறையியல் படிக்காம எழுதிட்டார்னு. நம்மூர்ல 1953-ல் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைச்சதைப் பத்தி இன்னிக்கும் இப்படிக் கேக்கறவங்க உண்டு.

நீலகிரியில இந்த ரெண்டு சாமியும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்காங்க. எஸ்டேட் லயத்துக்குக் காவல் மாரியம்மன். கூழ், தீச்சட்டி, நேர்த்திக்கடன் எல்லாம் உண்டு. ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் நாராயண குருகுலம். 1923-ல் நடராஜ குரு ஆரம்பிச்சது, நித்ய சைதன்ய யதி 1999-ல் மறையும்வரை வாழ்ந்த இடம். அங்கே பேசப்படும் பரம்பொருளுக்கு உருவமில்லை, கோபமில்லை, கூழும் வேண்டாம்.

இதில் யாரை விமர்சிக்கணும்? என்னைக் கேட்டா, யார் பேரால உத்தரவு போடறாங்களோ அவரை.

1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. ஆதிசங்கரர் பிறந்ததாகச் சொல்லப்படும் காலடி இருக்கிற அதே மலையாள மண். எல்லாம் ஒன்றே என்ற தத்துவம் அங்கே நூற்றாண்டுகளாக இருந்தது. தெரு மட்டும் திறக்கலை. அதுக்கு சத்தியாகிரகம் நடக்க வேண்டியிருந்தது. பெரியார் ரெண்டு முறை ஜெயிலுக்குப் போனார்.

என் எரிச்சல் இங்கேதான். தெருவை மூடும்போது வாய் திறக்காத பிரம்மம், தெருவை மூடின சாமியை யாராவது திட்டினா உடனே வக்காலத்து வாங்க வந்துடுது. கேஸ் முடிஞ்சதும் மறுபடி அலமாரிக்குள்ள!

ஆனா இதுக்கு விதிவிலக்கு உண்டு. அதே நடராஜ குருவின் ஆசான் நாராயண குரு, அசல் அத்வைதி. 1888-ல் அருவிப்புரத்தில், பிராமணர் மட்டுமே செய்யலாம்னு இருந்த பிரதிஷ்டையைத் தானே செய்தார். 1927-ல் களவங்கோட்டில் சிலைக்குப் பதிலா கண்ணாடியை வச்சார். வைக்கத்துக்கும் ஆதரவு தந்தார். தத்துவத்தை அவர் கேடயமா பிடிக்கலை, அதை வச்சே வழக்கத்தை உடைச்சார்.

அதனால நாத்திக நண்பர்களுக்கு ஒண்ணு: பிள்ளையாரை உடைச்சதோட நாராயண குருவுக்கும் பதில் சொல்லியாச்சுன்னு நினைச்சா அது சோம்பேறித்தனம். அதுக்குத் தனியா உக்காந்து வாதாடணும்.

வேதாந்த நண்பர்களுக்கும் ஒண்ணு: "அது எங்க கடவுள் இல்லை"ன்னு நாத்திகன்கிட்ட சொல்றதை, அந்தக் கடவுள் பேரால தெருவையும் கருவறையையும் மூடறவங்ககிட்ட என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?

சொல்லியிருந்தா பேசலாம், வாங்க.