இடிபாடுகளின் அழகும் சிலுவையின் இடையூறும்

பதினெட்டாம் நூற்றாண்டில் உரோமையைக் காணவந்த செல்வர்கள், ஊர் திரும்புகையில் பிரானேசியின் அச்சோவியங்களை நினைவுப் பொருளாக வாங்கிச் செல்வர். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறலை அமிலத்தால் அரிக்கச்செய்து, மை தடவி அச்சிடும் கலையில் அவர் பெருவல்லவர். 'உரோமைக் காட்சிகள்' வரிசைக்கு மட்டும் ஏறத்தாழ 135 தகடுகள் செய்தார். அவற்றில் பாழடைந்த மண்டபங்கள் வானளாவி நிற்கும். அவற்றை அண்ணாந்து நோக்கும் மனிதரோ எறும்பினும் சிறியர். கல் பெருக்க வேண்டுமாயின் மனிதன் சிறுக்க வேண்டும் போலும்!

ஆயினும், 1776இல் அவர் வரைந்த கொலோசேயத்தில், அரங்கைச் சுற்றிலும் சிலுவைப்பாதையின் சிற்றாலயங்கள் தெரிகின்றன. திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் காலத்தில், 1750இல் நிறுவப்பட்டவை அவை. ஓவியர் அவற்றை மறைக்கவில்லை. பின்வந்தோருக்கோ அவை இடையூறாயின. அகழ்வாய்வின் பொருட்டு 1874இல் அகற்றினர். "பழம்பெருமையின் தூய அழகைச் சமயம் கெடுத்துவிட்டது" என்று இன்றும் சொல்வாருளர்.

எது தூய அழகு? கி.பி. 80இல் திறக்கப்பட்ட அவ்வரங்கம், எருசலேமில் கொள்ளையிட்ட பொருளால் எழுந்தது என்பர் கல்வெட்டறிஞர். அங்கே அடிமைகளும் தண்டனை பெற்றோரும் மடிவதைக் கண்டு பல்லாயிரவர் ஆரவாரித்தனர். மறைசாட்சிகள் அங்குதான் மாண்டனர் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று வாதிடுவர். இருக்கட்டும். பெயரற்ற அடிமையின் குருதிக்காகச் சிலுவை நிற்கக்கூடாதா? சிலுவையே அடிமையைக் கொன்ற மரம் அன்றோ!

நம்மவர் குற்றமற்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவ்வரங்கின் கற்களைப் பெயர்த்து அரண்மனைகளுக்கும் ஆலயப் பணிகளுக்கும் ஏற்றிச் சென்றோரில் திருச்சபையாரும் உண்டு. இறந்தோரை மறந்தவர்க்கு அது வெறும் கற்குவியலாகவே தோன்றியிருக்கும். அழகை மட்டும் காண்பவர்க்கும் அப்படியே.

1926இல் சிலுவை மீண்டும் நாட்டப்பெற்றது. 1964இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதையை அங்கே புதுப்பித்தார். இன்று நம் திருப்பயணிகளும் நிழற்படக் கருவியுடன் அவ்வளைவுகளின்கீழ் நிற்கின்றனர். படம் எடுக்கட்டும். ஆனால், யார் இறந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒரு கணம் கேட்காதவர், பிரானேசியின் ஓவியத்து எறும்பு மனிதரே. அவர்களைச் சிறியோராக்கியது ஓவியரின் ஊசி. நம்மைச் சிறியோராக்குவது நம் மறதி.